குழி எந்தப் பக்கம்

கத்தரிக்கோலை எடுத்தபோது அடியில் அந்தத் துண்டுக் காகிதம் கிடந்தது. தீப்பெட்டி அளவுக்கு வெட்டிய பட்டர் பேப்பர். அதில் பென்சிலால் நான் போட்ட ஒரு குழி, அந்தக் குழியைச் சுற்றி வளைந்து போகும் ஒரு வழி, இரண்டின் கோடுகளின் மீதும் வரிசையாகத் துளைகள். வேலை முடிந்த காகிதம், குப்பைக்குப் போக வேண்டியது. போடப் போன கை பாதியில் நின்றுவிட்டது. இதை எந்தப் பக்கம் வைத்துக் குத்தினேன்? சாதாரணக் கேள்வி. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்பது மாதிரி. பதில் தானாக வந்துவிடும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபது. ஜெசிந்தா வீட்டை விட்டு இறங்கி அரை மணி ஆகியிருக்கும். பொன்மலைப்பட்டியிலிருந்து ஒன்பது மணிப் பேருந்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கிப் பதினைந்து நிமிட நடை, பத்து மணிக்குள் மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் அறையில் போய் உட்கார வேண்டும். முதல் நாள் வேலை. பிறந்ததிலிருந்து பார்வையில்லாதவள், முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகத் துணைக்கு ஆளில்லாமல் நகரத்துக்குள் போகிறாள். நான் செய்து கொடுத்த தொட்டுப் படிக்கிற வரைபடம் அவள் பையில் இருக்கிறது. பையில் இருப்பதைப் பற்றிக் கவலையில்லை. நேற்று பூராவும் தடவித் தடவி அதை மனப்பாடம் செய்திருப்பாள், அது இப்போது அவள் தலைக்குள் இருக்கிறது, அங்கே போய் என்னால் எதையும் திருத்த முடியாது. கெட்டி அட்டையின் பின்பக்கத்தில், துணியில் அடையாளம் போடுவோமே அந்தப் பல்சக்கரத்தை அழுத்தி ஓட்டினால், முன்பக்கத்தில் கோடு புள்ளி புள்ளியாகப் புடைத்துக்கொண்டு எழும்பும். பின்னாலிருந்து ஓட்டுவதால் இடது வலதாகும், வலது இடதாகும். அதனால் மாதிரிப் படத்தை முகம் கவிழ்த்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பதினோரு வருடத்தில் நாற்பத்து மூன்று வரைபடம் செய்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் படம் நிமிர்ந்திருந்ததில்லை. நேற்றும் கவிழ்த்துத்தான் வைத்திருப்பேன். வைத்திருப்பேன் என்று சொல்கிறேனே தவிர, வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. குழி வலது பக்கம். வழி இடது பக்கமாக வளைகிறது. காகிதம் நிமிர்ந்து இருந்திருந்தால் அவள் விரலுக்குக் குழி இடது பக்கம் கிடைத்திருக்கும், வழி வலது பக்கம் வளைந்திருக்கும், அதாவது நேராகக் குழிக்குள்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை அந்த வழியில் நடந்து பார்க்கலாம் என்று போனேன். எப்போதும் அப்படித்தான், கொடுத்த வரைபடமாக இருந்தாலும் ஆள் நடக்கிற நாளுக்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவேன், தைத்த சட்டையைக் கொடுக்கும் முன் பட்டன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கிற பழக்கம். பூக்கடை வரிசை சரியாக இருந்தது, சிக்னல் சரியாக இருந்தது, டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல் இருந்தது. அதைத் தாண்டியதும் நடைபாதையைப் பெயர்த்துப் போட்டு ஆள் உயரத்துக்குத் தோண்டியிருந்தார்கள். முந்தின வாரம் இல்லை. சுற்றி நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள், இடுப்பு உயரத்தில். அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. கண் இருக்கிறவனுக்குக் கட்டின கயிறு. கோல் தரையைத் தடவிக்கொண்டு வரும், கயிற்றுக்கு அடியில் நுழைந்து போகும், கயிறு இருப்பது வயிற்றில் படும்போதுதான் தெரியும், அதற்குள் முன்கால் மண் விளிம்பில் இருக்கும். விளிம்பு ஈரமாக இருந்தது. நான் செருப்பு நுனியால் அழுத்திப் பார்த்தேன், பிட்டு மாதிரி உதிர்ந்து உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கொஞ்சம் தாமதித்துத்தான் கேட்டது. அங்கே வேலை பார்த்த பெண்களில் ஒருத்தி, "பெரியவரே, உள்ள என்ன பொதையலா தெரியுது? தள்ளி நில்லுங்க" என்றாள். கயிற்றைக் கொஞ்சம் கீழே, முழங்காலுக்குக் கீழே இன்னொன்று கட்ட முடியுமா என்று கேட்டேன். "கட்டுனா நாங்க மண்ணுச் சட்டியோட தடுக்கி விழுவோம். நீங்க வந்து தூக்குவீங்களா?" அதுவும் நியாயம்தான். வேறு வழி சுற்றிப் போகலாமா என்று பார்த்தேன், அந்தப் பக்கம் பேருந்துகள் திரும்புகிற வாசல், அதைவிட மோசம். குழிக்கும் சாலைக்கும் நடுவில், இடது கைப் பக்கம், மூன்றடி அகலத்தில் கெட்டித் தரை இருந்தது. அதில் போகலாம். அட்டையில் ஒரு ஒட்டுப் போட்டால் போதும். தீப்பெட்டி அளவு ஒட்டு.

நேற்று காலை பதினோரு மணிக்கு ஜெசிந்தாவும் அவள் அண்ணன் சைமனும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் ஒட்டுக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன், மின்சாரம் போய்விட்டது. சைமன் பாலக்கரையில் பைக் மெக்கானிக், உட்கார்ந்தாலும் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருப்பான். "சார், தப்பா நெனைக்காதீங்க. போன்ல வர்ற வழியே சமயத்துல ஆளை ஆத்துல கொண்டுபோய் எறக்கி விடுது. நீங்க அட்டையில குத்திக் குடுக்கறீங்க." ஜெசிந்தா சிரித்தாள். "உன் பைக்ல வந்தா மட்டும்? போன மாசம் கல்லறை கேட்ல கொண்டுபோய் நிறுத்திட்டு, இதான் பேங்க்கு, எறங்குன்ன." "அது ஒரு தடவ." "ஒரு தடவ போனா போதும்ண்ணே, அப்பறம் அங்கதான்." நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனேன், இருட்டில் பென்சில் கோடு தெரியவில்லை. காகிதத்தையும் அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். இங்கேதான். இங்கேதான் எனக்குத் தெரியாமல் போகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் பட்டர் பேப்பருக்கு முகம் ஏது, முதுகு ஏது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். சைமன் அப்போது "சார், ரெண்டு மணிக்கு ஒரு வண்டி டெலிவரி" என்றான், நான் "ஆச்சுப்பா, ஆச்சு" என்றேன், பல்சக்கரத்தை ஓட்டினேன், ஒட்டினேன், பசை காய விசிறினேன். ஒன்று குத்தித் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது குத்தினேனா? அப்படியும் ஒரு ஞாபகம் இருக்கிறது, முதல் ஒட்டு கோணலாக வந்து கசக்கிப் போட்டது போல. அது இந்த வரைபடத்துக்கா, போன மாதம் நூலகத்துக்குச் செய்ததற்கா? ஜெசிந்தா அட்டையை மடியில் வைத்து ஒட்டின இடத்தைத் தடவினாள். "ஓ. இங்க குழி. இப்படி வளைஞ்சு போகணும்." இப்படி என்றபோது அவள் விரல் எந்தப் பக்கம் போயிற்று? நான் பார்க்கவில்லை. சைமன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் எப்போது எழுந்திருப்பான் என்று. வாயால் ஒரு தடவை, குழி வலது பக்கம் அம்மா, இடது பக்கம் போ, என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது பிடிக்காது. "வாயால சொல்லாதீங்க சார். ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி என் தலைக்குள்ள எல்லார் கொரலும் இருக்கு, வழிதான் இல்ல. விரலுக்குக் குடுங்க." போகும்போது சைமன் தங்கையை வண்டியில் உட்கார வைத்துவிட்டு, செருப்பை மறந்தவன் போலத் திரும்பி வந்தான். மெதுவாகச் சொன்னான். "நாளைக்கு ஒரு நாள்தான் சார் நான் பாக்கறது. விழுந்தா, தடுமாறுனா, யாரோ கையப் புடிச்சுக் கொண்டாந்து விட்டாங்கன்னு என் காதுல விழுந்தா, அதோட சரி. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். அம்மா சாகறப்ப என் கையிலதான் புடிச்சுக் குடுத்துட்டுப் போச்சு. ஏதாவதுன்னா எனக்கு ஒரு கால் போடுங்க." அவன் எண் என் போனில் இருக்கிறது. கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவனை எனக்குத் தெரியும்.

ஒன்பது இருபத்தெட்டு. எட்டு நிமிடம் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பார்த்துவிடலாமே, துளைதானே, சக்கரத்தின் பல் எந்தப் பக்கமாக வெளியே வந்ததோ அந்தப் பக்கம் காகிதம் சொரசொரப்பாக இருக்கும். பென்சில் கோடு உள்ள பக்கம் சொரசொரத்தால் கவிழ்த்து வைத்திருக்கிறேன், சரி. வெறும் பக்கம் சொரசொரத்தால் நிமிர்த்தி வைத்திருக்கிறேன், தப்பு. ஆட்காட்டி விரலால் தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. கட்டை விரல், நடு விரல். நாற்பது வருடம் ஊசி வாங்கின விரல்கள், நுனியெல்லாம் தோல் காய்ப்பேறி, சூடான டம்ளரைக்கூடத் தாமதமாகத்தான் உணரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், துளை துளையாகத்தான் தெரிந்தது. ரஹ்மத்துல்லா பாய் தையல்கடையில் நான் சேர்ந்து மூன்றாவது வருடம், கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு அரக்குப் பட்டில் கை வெட்டினேன், துணியை மடித்துப் போடாமல் ஒன்றன் பின் ஒன்றாக, இரண்டையும் ஒரே முகமாக. அது எண்பத்து மூன்றாம் வருடம். தைத்துக் கையில் தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. துணி ஒரு விரல் அகலம்கூட மிச்சமில்லை. பாய் அதைத் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா சபாபதி, கல்யாணப் பொண்ணுக்கு ரெண்டும் எடது கையா? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு பின்கட்டில் போய் வாந்தி எடுத்தேன். அந்தத் தப்பு செய்யாத தையல்காரன் கிடையாது. ஒரு தடவை செய்வான், பிறகு செய்ய மாட்டான், கை அதுவாகத் துணியைப் புரட்டிவிடும். அந்தக் கையை நம்பித்தானே இவ்வளவு நாள். ஆனால் அன்றைக்கும் என் கைக்குத் தப்பு என்று தெரியவில்லையே, வெட்டும்போது எவ்வளவு சுகமாக வெட்டிக்கொண்டு போயிற்று கத்தரி. காகிதத்தைக் கீழ் உதட்டில் வைத்தேன். விரலுக்குத் தெரியாதது உதட்டுக்குத் தெரியும், நூல் நுனி பிரிந்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். பென்சில் பக்கத்தை இழுத்தேன். வழுவழு. திருப்பினேன். வெறும் பக்கம், மெல்ல இழுத்தேன், எறும்புக் கால் மாதிரி, குறுகுறுவென்று, ஒவ்வொரு புள்ளியும். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. கண்ணை மூடிக்கொண்டு திருப்பித் திருப்பி, எந்தப் பக்கம் என்று மறந்த பிறகு இழுத்துப் பார்த்தேன். அதே பக்கம்தான். வெறும் பக்கம். நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறேன். இரு. இது கசக்கிப் போட்ட முதல் ஒட்டின் காகிதமாக இருக்கலாமே, தப்பு என்று தெரிந்துதான் அதைக் கசக்கியிருப்பேன், இரண்டாவது காகிதம் குப்பைக்கூடையில் இருக்கும். கூடையைக் கவிழ்த்தேன். காலி. காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டிக்காரம்மா வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானேதான் கொட்டினேன். "என்ன சார், பூராவும் காயிதமாவே இருக்கு, சாப்பிடறதே இல்லையா?" என்றுகூடக் கேட்டார்.

ஒன்பது முப்பத்தைந்து. பேருந்து சத்திரத்துக்கு வந்திருக்கும். பொன்மலை ரயில்வே கேட் சாத்தியிருந்தால் வந்திருக்காது. போன் மேஜை மேல் இருக்கிறது. எடுத்தேன், அவள் பெயரைத் தொட்டால் போதும். ஆனால் அவள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். "சார், நான் வீட்டை விட்டு எறங்குனதுலேருந்து நானாக் கூப்பிடற வரைக்கும் நீங்க எனக்குப் போன் பண்ணக்கூடாது. நான் எங்க நிக்கறேன்னு உங்களுக்குத் தெரியாது. ரோட்டுல பாதியில நிக்கறப்ப பைக்குள்ள மணி அடிச்சா, எனக்கு ரோடு காணாமப் போயிடும்." காணாமல் போய்விடும். நான் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன், கண்ணைக் கட்டிக்கொண்டு இந்த அறையில், ரேடியோவைப் போட்டால் சுவர் எங்கே என்பது போய்விடும். ஒன்பது இருபதுக்கே கூப்பிட்டிருந்தால் அவள் நிச்சயமாகப் பேருந்துக்குள் இருந்திருப்பாள். அப்போது எனக்குச் சந்தேகம்தான் இருந்தது. சந்தேகத்தை நிச்சயமாக்கப் பதினைந்து நிமிடம் செலவழித்தேன், நிச்சயமாகாமல், கூப்பிட முடியாத நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டேன். இப்போது சிக்னலில் இருந்தால்? நடு ரோட்டில் இருந்தால்? குழி இன்னும் இரண்டு நிமிடத்தில் வரலாம், மணியடித்தால் இப்போதே ஒரு பேருந்து வரலாம். ஆட்டோவில் போனால் பன்னிரண்டு நிமிடம், அதற்குள் அவள் குழிக்கு வந்துவிடுவாள். சைமனைக் கூப்பிட்டால் பாலக்கரையிலிருந்து பைக்கில் ஐந்தே நிமிடம், அவன் பறப்பான், போய் நிற்பான், அவள் கையைப் பிடிப்பான், அவள் பிழைத்துக்கொள்வாள், அதோடு சரி. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். அப்புறம் அவள் அந்த வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அந்த நாற்காலியை எனக்குத் தெரியும், அதோ, அந்த மூலையில் இன்னும் இருக்கிறது, என் மனைவி நவநீதம் ஐந்து வருடம் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை அவள் கண்ணை எடுத்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு. பிரெயில் புத்தகம் வாங்கி வந்தேன், அவள் தொடவில்லை, "இனிமே நான் படிச்சு கலெக்டராகணுமா?" என்றாள், நான்தான் படித்தேன். ஒரு நாள் அவளாகவே, "ஏங்க, கடை மூணு வீடு தள்ளித்தானே. கறிவேப்பிலை நான் போய் வாங்கிட்டு வரேன்" என்றாள். போ என்றேன். குச்சியை எடுத்துக்கொண்டு சுவரைத் தடவிக்கொண்டு போனாள். நான் வெறுங்காலோடு, பத்தடி பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு போனேன். விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று. அவள் விழவே இல்லை. வாங்கினாள், சில்லறை வாங்கினாள், திரும்பி வந்தாள், நான் முன்னாலேயே ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். கறிவேப்பிலையை மேஜையில் வைத்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது ஒரு நிமிடம், பிறகு இல்லை. "கடைக்காரர் கேட்டாரு. சார் ஏன் வெளியில செருப்பில்லாம நிக்கறாரு, உள்ள வரச் சொல்லுங்கம்மான்னு." அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. அதற்குப் பிறகு தனியாகப் போகிறேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, டயாலிசிஸுக்கு நான் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனேன், கடைசி நாள் வரைக்கும். நாற்பத்து மூன்று வரைபடம். எல்லோரும் நல்ல மனுஷன் என்கிறார்கள்.

ஒன்பது நாற்பத்து மூன்று. சைமன் எண் மேலே, அவள் எண் கீழே, என் கட்டை விரல் இரண்டுக்கும் நடுவில். கோல் இருக்கிறது, கோல் விளிம்பைக் கண்டுபிடிக்கும், முன்னால் தரை இல்லை என்று சொல்லும், அதற்குத்தானே கோல். ஆனால் வழி வலது பக்கம் என்று தலைக்குள் இருக்கிறவள் கொஞ்சம் வேகமாகத்தான் வைப்பாள் காலை, நம்பிக்கையோடு வைப்பாள், என் மேல் உள்ள நம்பிக்கையோடு, அதுதான் பயமாக இருக்கிறது, வரைபடம் இல்லாமல் விட்டிருந்தால் அவள் தயங்கித் தயங்கி வந்து பிழைத்திருப்பாள். ஈர மண். பிட்டு மாதிரி. தாமதித்துக் கேட்ட சத்தம். அந்தப் பெண்கள் வேலைக்கு வந்திருப்பார்களா, திங்கட்கிழமை, ஒன்பதரைக்கு வந்துவிடுவார்கள், தள்ளி நில்லுங்க என்றாளே, அவள் இருப்பாள், இருக்க வேண்டும். சைமன் எண்ணைத் தொட்டேன். திரையில் அவன் பெயர் பெரிதாக வந்தது. மணி போவதற்குள் அணைத்தேன். அங்கே ஒரு தடவை அடித்திருக்குமா? அவன் திரும்பக் கூப்பிட்டால் என்ன சொல்வேன்? தெரியாமல் கை பட்டுவிட்டதுப்பா. போனைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். மூடிவிட்டு, அவள் கூப்பிட்டால் கேட்காதே என்று திறந்து எடுத்தேன். என்ன செய்கிறேன் நான். இது தைரியமா, இல்லை, ஒன்றும் செய்யத் தெரியாமல் நிற்பதற்கு நான் வைத்துக்கொண்ட பேரா? அவள் விழுந்து கிடந்தால், எனக்குத் தெரிந்திருந்தது என்பது ஒருத்தருக்கும் தெரியாது, இந்தத் துண்டுக் காகிதத்தைத் தவிர. அதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்ததே, அந்த எண்ணம் வந்த தலையைச் சுவரில் மோத வேண்டும். கிழிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்தேன். ஒன்பது ஐம்பத்திரண்டு. சேர்ந்திருந்தால் கூப்பிட்டிருப்பாள். படி ஏற வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், உடனே எப்படிக் கூப்பிடுவாள். ஒன்பது ஐம்பத்தெட்டு. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று எழுந்து, எந்தத் திசை என்று பிடிபடுவதற்குள் போய்விட்டது. பத்து. தண்ணீர் குடித்தேன். பத்து மூன்று. நாற்காலியில் உட்கார்ந்தேன், நவநீதத்தின் நாற்காலியில், அவள் போன பிறகு முதல் தடவையாக. அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரிகிறது. அவளுக்கு அதுவும் தெரிந்திருக்காது. பத்து ஏழு. போன் அடித்தது.

"சார்." குரலில் மூச்சு வாங்கியது. "வந்துட்டேன். பத்துக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்பவே வந்துட்டேன். கால் கழுவ எடம் கேட்டு, கழுவிட்டு, இப்பத்தான் உக்காந்தேன்." ஏன் கால் கழுவினாய் என்று நான் கேட்கவில்லை. "மேப்புல தப்பு சார். குழி எடது பக்கம்னு இருந்துச்சு, நான் வலது பக்கமா வளைஞ்சேன். வயித்துல கயிறு பட்டுச்சு. நின்னேன். நின்ன எடமே சரியுது. ஒரு செருப்பு உள்ள போயிடுச்சு. அங்க ஒரு அக்கா, 'ஏ புள்ள, அப்படியே நில்லு, பின்னால வை கால'ன்னு ஒரு கத்து. கையப் புடிக்க வந்துச்சு, புடிக்காதக்கா, சொல்லுன்னேன். சொல்லுச்சு. அப்பறம் எறங்கி செருப்ப எடுத்துக் குடுத்துட்டு, 'ஒனக்கு மேல ஒரு பெரியவரு, முந்தாநாளு வந்து குழிய உத்து உத்துப் பாத்தாரு, அவரும் நீயும் சொந்தமா?'ன்னு கேக்குது." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "எனக்குச் சந்தேகம் வந்துச்சும்மா. ஒன்பது இருபதுக்கே. அப்பறம் ஏறக்குறைய தெரிஞ்சுபோச்சு." அவளுக்குப் பின்னால் வேறு யாரோ போனில் பேசுவது கேட்டது. "தெரிஞ்சும் நீங்க கூப்பிடல." "கூப்பிடல." "அண்ணனுக்கு?" "இல்ல." நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன், காது வலித்தது. "உங்கள என்ன பண்றதுன்னு தெரியல சார்" என்றாள் கடைசியில். "திட்டணும். நல்லா திட்டணும். இப்ப நேரமில்ல, சூப்பர்வைசர் வராரு. நாளைக்கும் இதே வழிதான நான் வரணும். சரியானதப் போட்டு வைங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்." "நான் கொண்டுவந்து தரேம்மா." "வேணாம். நான் வரேன், அப்பத்தான் திட்ட முடியும். அண்ணன் பைக்ல கூட்டிட்டு வந்ததுதான், உங்க வீடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. உறையூர் ஸ்டாப்புல எறங்கறதுலேருந்து சொல்லுங்க. பன்னெண்டரைக்குக் கூப்பிடறேன். அட்டை கிட்டை வேணாம், இந்தத் தடவ வாயாலயே சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்றேன், நீங்க சரி பாருங்க." வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்திருக்க முடிந்தது. ஊரில் எத்தனையோ வாசலுக்கு வழி போட்டிருக்கிறேன், வங்கிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோர்ட்டுக்கு, ஒரு பையனுக்கு அவன் காதலிக்கிற பெண் வேலை பார்க்கிற கடைக்குக்கூட. என் வீட்டுக்கு யாரும் கேட்டதில்லை. நிறுத்தத்திலிருந்து எத்தனை அடி என்று எனக்கே தெரியவில்லை, இருபத்தேழு வருடம் நடந்திருக்கிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொண்டு நிறுத்தம் வரைக்கும் போனேன், அங்கே பேருந்திலிருந்து இறங்கியவன் மாதிரி திரும்பி நின்றேன். எழுதிக்கொண்டே நடந்தேன். இறங்கியதும் மாவு மில், மசாலா வாசனை, மில்லை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு அடி. வேகத்தடை காலில் தட்டும், அதை ஒட்டி இடது பக்கம் திரும்பினால் தெரு. முதல் வீட்டில் லவ்பேர்ட்ஸ் கூண்டு. இரண்டாவது வீட்டில் டியூஷன், சாயங்காலம் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துவார்கள். மூன்றாவது வீட்டு வாசலில் நாய், குரைக்கும், எழுந்து வராது. நான்காவதில் எந்நேரமும் டிவி. ஐந்தாவதில் இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள், கிரைண்டர். என் வாசலில் வந்து நின்றேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். மூக்கை இழுத்துப் பார்த்தேன். அவளுக்கு என்ன அடையாளம் சொல்வது? எதிர் வீட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது கையை முழுவதும் மேலே தூக்கி, இதுதான் இடது கை, சாப்பிடாத கை, கடிகாரம் கட்டின கை, என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். "என்ன சார், யாருக்கு டாட்டா?" என்றாள் அவள். தூக்கின கையாலேயே நோட்டைச் சுவரில் அழுத்திப் பிடித்து, மற்றக் கையால் எழுதினேன்: இடது பக்கம், ஆறாவது வீடு. சத்தம் எதுவும் வராத வீடு.